70 ஆயிரம் ரூபாயில் வேலைக்கும் ஆட்டத்துக்கும் ஒரே லேப்டாப்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு தொடங்கி பொங்கல் வரை எனக்கு ஒரே மாதிரி போன் வந்துகொண்டிருக்கும். "அண்ணா, எழுவதுக்குள்ள ஒரு கேமிங் லேப்டாப் சொல்லுங்க. ஆபீஸ் வேலையும் பாக்கணும், ராத்திரி கொஞ்சம் கேமும் ஆடணும்." ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம்தான். ஆனால் இன்று நான் சொல்லும் மாடல் அடுத்த மாதம் கடையில் இருக்காது. இருந்தாலும் அதே பெயரில் வேறு திரையோடு இருக்கும். அதனால் பெயர் சொல்வதை விட்டுவிட்டு, எதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். போனில் அரை மணி நேரம் பேசுவதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு விதியை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்கு இப்போது காசு போடுங்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய பாகத்தில் இப்போதைக்குக் கையை இறுக்கலாம். கிராபிக்ஸ், பிராசஸர், திரை, சூட்டை வெளியேற்றும் அமைப்பு எல்லாம் வாங்கிய அன்று எப்படியோ அப்படியேதான் கடைசிவரை. ராமும் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி) எஸ்எஸ்டியும் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) பிறகு ஏற்றிக்கொள்ளலாம். விளம்பரமோ தலைகீழாக இருக்கும். '16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். திரையைப் பற்றி ஒரு வரி இருக்காது.

முதல் படி: ஒரு தாளில் எழுதுங்கள்

இடது பக்கம் வேலை, வலது பக்கம் ஆட்டம். பொதுவாக 'கோடிங்', 'எடிட்டிங்' என்று எழுதாமல், எந்த மென்பொருள், எவ்வளவு பெரிய ஃபைல் என்று எழுதுங்கள். டாலி, எக்செல், பிரௌசர் என்றால் எந்த லேப்டாப்பும் தாங்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, டாக்கர் மாதிரி ஆப் எழுதுபவர்களின் மென்பொருள்கள் சேர்ந்து ஓட வேண்டும் என்றால் ராம் பசி அதிகம். கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்குத் திரையும் பிராசஸரும் முக்கியம். மெஷின் லேர்னிங் படிக்கும் மாணவருக்கு என்விடியா கிராபிக்ஸ் கிட்டத்தட்டக் கட்டாயம். அந்தத் துறையின் கருவிகள் பெரும்பாலும் என்விடியாவின் குடா என்ற மென்பொருள் அமைப்பை நம்பியே இருக்கின்றன.

வலது பக்கத்தில் வாலரன்ட், மைன்கிராஃப்ட், கவுன்டர் ஸ்டிரைக் மட்டும்தான் இருக்கிறதா? இதில் வாலரன்ட் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேகூட ஓடும். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரிப் பெரிய ஆட்டங்கள் இருந்தால் கணக்கே வேறு. இன்னொன்று, லினக்ஸ் போட்டு வேலை செய்யும் நண்பர்களுக்கு: வாலரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. விண்டோஸ் 11-இல்கூட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். ஆபீஸுக்கு உபுண்டு, ஆட்டத்துக்கு விண்டோஸ் என்று இரண்டையும் வைக்கப்போகிறீர்கள் என்றால் எஸ்எஸ்டி அளவை இப்போதே யோசித்துவிடுங்கள்.

தாளை முடித்ததும் நேர்மையாக ஒரு கேள்வி. லேப்டாப் வீட்டு மேசையை விட்டு எழுந்திருக்குமா? எழுந்திருக்காது என்றால், அதே காசுக்கு டெஸ்க்டாப் கட்டினால் வேகமும் கூடும், சூடும் குறையும், ரிப்பேரும் சுலபம். மறுபக்கம், தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் போகிறவர் நீங்கள் என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்த விலையில் கேமிங் லேப்டாப் 2.3 கிலோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல். மூன்று கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை ஒரு நாள் போய்ப் பாருங்கள், பிறகு முடிவெடுக்கலாம்.

இரண்டாம் படி: 70 ஆயிரம் என்றால் 70 ஆயிரத்துக்கும் பெட்டி வாங்காதீர்கள்

இதை யாரும் கேட்பதில்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். மவுஸ், பை, தேவைப்பட்டால் கூடுதல் ராம், கூடுதல் வாரன்டி எல்லாம் சேர்த்து ஆறேழு ஆயிரமாவது போகும். அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத் தேடுங்கள்.

மூன்றாம் படி: கிராபிக்ஸ் பெயரைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆர்டிஎக்ஸ் 4050 என்ற என்விடியா கிராபிக்ஸ் சில்லின் பெயர் இரண்டு லேப்டாப்பில் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்று என்று நினைப்போம். லேப்டாப்புக்கான 4050 சில்லுக்கு என்விடியா 35 முதல் 115 வாட் வரை அனுமதிக்கிறது. எத்தனை வாட் கொடுப்பது என்று லேப்டாப் செய்யும் நிறுவனம் முடிவு செய்கிறது. மெல்லிய உடம்பில் 45 வாட்டில் ஓடும் 4050-க்கும், தடித்த உடம்பில் 95 வாட்டில் ஓடும் 4050-க்கும் ஆட்டத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். ஒரே மோட்டாரை ஒரு இன்ச் பைப்பிலும் அரை இன்ச் பைப்பிலும் மாட்டின மாதிரி. குறைந்த வாட்டில் ஓடும், ஒரு படி மேலான 4060-ஐவிட நிறைந்த வாட்டில் ஓடும் 4050 மேல் என்ற நிலைமைகூட வரும். 100 வாட்டைத் தாண்டிய பிறகு 4050-இல் பெரிய லாபம் இல்லை. அதனால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வாட்டை எங்கே பார்ப்பது? விற்கும் தளத்தில் பெரும்பாலும் இருக்காது. நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அந்த மாடலின் முழு விவரப் பட்டியலைத் திறந்து, டிஜிபி அல்லது மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியைத் தேடுங்கள். சில நேரம் அதில் டைனமிக் பூஸ்ட் என்று 15 வாட்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அது பிராசஸர் சும்மா இருக்கும்போது மட்டும் கடன் வாங்கும் வாட். கடையில் காட்சிக்கு வைத்த லேப்டாப் இருந்தால், என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்திலேயே அந்த எண் தெரியும். கடைக்காரரிடம் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று கேட்டால் திறந்து காட்டுவார்.

அடுத்தது கிராபிக்ஸுக்கென்று உள்ள தனி மெமரி. ஆர்டிஎக்ஸ் 2050 என்ற பெயரைப் பார்த்து 20 வரிசை என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருப்பது 30 வரிசைச் சில்லு. ஆனால் 4 ஜிபி மெமரி, அதிலும் பாதை குறுகல். 3050 பெரும்பாலும் 4 ஜிபி, சில மாடல்களில் 6. 4050-இல் 6 ஜிபி. 2025-இல் வந்த 5050-இல் 8 ஜிபி. இன்றைய பெரிய ஆட்டங்களுக்கு 4 ஜிபி போதவில்லை. தரத்தைக் குறைத்து வைத்தாலும் அவ்வப்போது திக்கித் திக்கி நிற்கும். இந்த மெமரியைப் பிறகு யாராலும் ஏற்ற முடியாது. அதனால் என் கணக்கில் 6 ஜிபிதான் கீழ்க்கோடு. வாலரன்ட் மட்டும் ஆடுகிறவர் 4 ஜிபி 3050-ஐ விலை நன்றாகக் குறைந்திருந்தால் எடுக்கலாம், தப்பில்லை.

இன்னும் ஒரு சின்ன விஷயம், மக்ஸ் ஸ்விட்ச். சாதாரணமாக கிராபிக்ஸ் கார்டு வரைந்த படம் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். இந்த ஸ்விட்ச் இருந்தால் நேராக வரும், கொஞ்சம் வேகம் கிடைக்கும். இரண்டு மாடல்களுக்கு நடுவில் தடுமாறும்போது இது இருப்பதை எடுங்கள். இதற்காகவே தேடி அலைய வேண்டாம்.

நான்காம் படி: பிராசஸர் பெயர்களின் திருவிளையாடல்

பெரிய எண் என்றால் புதியது, புதியது என்றால் வேகம் என்ற எண்ணத்தை வைத்துத்தான் இந்தப் பெயர்கள் வைக்கப்படுகின்றன. இன்டெல் ஐ5-12450எச், ஐ5-13420எச் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'பன்னிரண்டாம் தலைமுறை', 'பதின்மூன்றாம் தலைமுறை' என்று கடையில் பிரித்துச் சொல்வார்கள். கோர் என்பது பிராசஸருக்குள் வேலை செய்யும் ஒரு பிரிவு. இரண்டிலும் நான்கு பெரிய கோர், நான்கு சின்ன கோர். உச்ச வேகம் 4.4-க்குப் பதில் 4.6 கிகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான். ஐ5-13450எச்எக்ஸ் என்றால் ஆறு பெரிய கோர், நான்கு சின்ன கோர். பெயரில் 30 எண்தான் கூட, உள்ளே ஆளே வேறு.

ரைசன் பிராசஸர்களைச் செய்யும் ஏஎம்டி 2023-இல் ஒரு பெயர் முறை கொண்டுவந்தது. அதில் முதல் எண் ஆண்டைச் சொல்லும். மூன்றாம் எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்று சொல்லும். ரைசன் 5 7535எச்எஸ் என்பதில் மூன்றாம் எண் 3, அது முந்தைய வடிவமைப்பு. ரைசன் 7 7840எச்எஸ் என்பதில் 4, அது அப்போதைய புதிய வடிவமைப்பு. 7535எச்எஸ் மோசம் என்று சொல்லவில்லை. இந்த விலையில் அது நல்ல பிராசஸர். புதியது என்று சொல்லிக் கூடுதலாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். பெயரின் கடைசியில் யு என்று முடிந்தால் அது பேட்டரி சேமிக்கும் வகை. ஆட்டத்துக்கு எச், எச்எஸ், எச்எக்ஸ் பார்க்கலாம்.

பட்ஜெட் குறைவாக இருந்தால் பிராசஸரில் ஒரு படி இறங்கி, கிராபிக்ஸில் ஒரு படி ஏறுங்கள். ஐ7 பிராசஸரோடு 3050 வாங்குவது, பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு மாதிரி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: வீடியோ எடிட் செய்பவர்கள். இப்போதைய கேமராக்களில் நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் 10 பிட் 4:2:2 என்ற முறையில் எடுத்த ஃபைல்கள் வரும். கல்யாண வீடியோக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தெரியும். எச்265 என்ற முறையில் சுருக்கிய இந்த வகை ஃபைலைத் தடங்கலின்றி ஓட்டும் வசதி இன்டெல் பிராசஸர்களில் பதினோராம் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. ரைசன் பிராசஸரோடு 4050 வாங்கிவிட்டு, டைம்லைன் ஏன் ஆமை மாதிரி நகர்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். இந்த வேலை செய்பவர் இன்டெல் பக்கம் சாயலாம், அல்லது 50 வரிசை வரை நீளலாம்.

ஐந்தாம் படி: திரை

இதில் சூடுபட்டவன் நான்தான். என் முதல் கேமிங் லேப்டாப் வாங்கும்போது 144 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்பது) என்ற ஒரே எண்ணைப் பார்த்து மயங்கினேன். வீட்டுக்கு வந்து தங்கை நிச்சயதார்த்தப் படங்களைத் திருத்தினேன். எல்லாம் சோகை பிடித்த மாதிரித் தெரிந்தது, நிறத்தை ஏற்றினேன். குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் சித்தி கூப்பிட்டார்: "ஏன்டா, மாப்பிள்ளை முகத்துல குங்குமத்தைக் கொட்டினாப்ல இருக்கு?" அவர் போனில் நிறம் சரியாகத் தெரிந்தது. என் திரைதான் பாதி நிறத்தைத் தின்றுகொண்டிருந்தது.

விவரப் பட்டியலில் திரையின் நிற அளவு '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் அந்தத் திரைதான் அது. ஏதோ ஒரு தரச் சான்று மாதிரி எழுதியிருப்பார்கள். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுகோலின் கணக்கில் அது 62 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். '100% எஸ்ஆர்ஜிபி' என்று இருக்கிறதா பாருங்கள். படம், வீடியோ, டிசைன் என்று நிறத்தோடு தொடர்புள்ள எந்த வேலை இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். கோடிங் மட்டும்தான், வீட்டில் நல்ல மானிட்டரும் இருக்கிறது என்றால் இங்கே காசை மிச்சம் பிடிக்கலாம்.

வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்வது கஷ்டம், 300-க்கு மேல் தேடுங்கள். ஹெர்ட்ஸ் 120-ஓ 144-ஓ இருந்தால் போதும். இந்த விலைக் கிராபிக்ஸ் கார்டு பெரிய ஆட்டங்களில் 165-ஐத் தொடப்போவதில்லை. 16:10 திரை கிடைத்தால் கோடும் எக்செலும் கூடுதலாக இரண்டு மூன்று வரி தெரியும். ஒருமுறை பழகினால் பழைய அகலத் திரைக்குத் திரும்ப மனம் வராது.

ஆறாம் படி: ராமும் எஸ்எஸ்டியும்

மாற்றக்கூடிய பாகம் என்று மேலே சொன்னது இவற்றைத்தான். ஆனால் மாற்ற முடியுமா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சில மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டியே வரும். ராமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டி மாட்ட இரண்டு எம்.2 இடம் இருக்கும் மாடலே இந்த விலைக்குச் சரி. 8 ஜிபி ஒற்றைத் தகடாக வந்தால், இன்னொரு 8 ஜிபி தகடு போடுங்கள். 16 ஆவது மட்டுமல்ல, இரண்டு தகடு இருந்தால் மெமரிக்கு இரட்டைப் பாதை கிடைக்கும்; சில ஆட்டங்களில் அந்த வேகம் கண்ணுக்கே தெரியும். 8 ஜிபியிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், விண்டோஸே அதில் பாதியைச் சாப்பிட்டுவிடும்.

'முதலில் 8 வாங்கு, பிறகு ஏற்றிக்கொள்' என்பதைத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கு மெமரி சில்லுகள் போய்க் குவிய, ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே போனது. அதனால் இப்போது வாங்கும் அன்று தனித் தகட்டின் விலையைக் கேட்டுவிட்டு, 8-க்கும் 16-க்கும் உள்ள விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது மலிவோ அது.

512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 476 என்றுதான் காட்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கிறது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: சூடு, சத்தம், பேட்டரி

மதிப்புரைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி ஏசி அறையில் எடுத்த அளவுகள். ஏப்ரலில் திருச்சியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் அறையே 34 டிகிரி இருக்கும். அந்தக் கூடுதல் சூட்டை லேப்டாப்பும் சுமக்கும். பிராசஸர் 95, 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு ஃபேன், பின்பக்கமும் பக்கவாட்டும் காற்றுப்போக்கி இருக்கும் தடித்த உடம்பே நம் ஊருக்கு நல்லது. மெல்லிய அழகியைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே சில டிகிரி குறையும், அதற்கு ஒரு மரக்கட்டை போதும். மெத்தையில் வைத்து ஆடாதீர்கள். வருடம் ஒருமுறை தூசி எடுக்கக் கொடுங்கள்.

ஃபேன் சத்தத்தை ஆபீஸ் வேலையோடு சேர்த்து யோசியுங்கள். மீட்டிங்கில் நீங்கள் பேசும்போது பின்னால் மிக்சி ஓடுகிற மாதிரி கேட்கக்கூடாது. சத்தத்தைக் குறைக்கும் மோட் ஒன்று எல்லா நிறுவன மென்பொருளிலும் இருக்கும், அதை ஒரு கீயில் மாற்ற முடிகிறதா பாருங்கள். கேமரா 720 பிக்சல்தான் பல மாடல்களில். முக்கியமான மீட்டிங் அதிகம் என்றால் அதையும் கவனியுங்கள்.

பேட்டரியை நம்பி வாங்க வேண்டாம். வேலைக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் வந்தால் சந்தோஷப்படுங்கள். சார்ஜரை எடுத்துவிட்டு ஆடினால் வேகம் பாதியாகும், ஒரு மணி நேரத்தில் அணைந்தும்விடும். டைப் சி வழியாக 65 அல்லது 100 வாட் சார்ஜ் ஏறும் மாடல் கிடைத்தால் பெரிய வசதி. ஆபீஸுக்குச் சின்ன சார்ஜரை மட்டும் எடுத்துப் போகலாம், செங்கல் மாதிரி இருக்கும் பெரிய சார்ஜரை வீட்டில் விட்டுவிடலாம். டைப் சி ஓட்டை இருப்பதாலேயே சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை. பவர் டெலிவரி என்று விவரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

எட்டாம் படி: எங்கே வாங்குவது

செப்டம்பர், அக்டோபர் இணைய விற்பனைகளில் நிஜமாகவே விலை இறங்கும், வங்கி அட்டைத் தள்ளுபடியும் சேரும். ஆனால் 'எம்ஆர்பியில் 40% தள்ளுபடி' என்பதை நம்பாமல், அந்த மாடல் கடந்த மூன்று மாதம் எந்த விலையில் விற்றது என்று பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு சுற்று வந்தால் கீபோர்டைத் தட்டிப் பார்க்கலாம், கீலை ஆட்டிப் பார்க்கலாம், பேரம் பேசி மவுஸோ பையோ வாங்கலாம். என் வழக்கம்: கடையில் தொட்டுப் பார்ப்பது, இணைய விலையைக் காட்டிக் கேட்பது, கிட்டத்தட்ட ஒத்துவந்தால் கடையிலேயே எடுப்பது. பிரச்சினை வந்தால் நேரில் போய் நிற்க ஓர் இடம் இருக்கும்.

மாடல் பெயரை மட்டும் நம்பாமல், பெட்டியின் மேல் இருக்கும் முழுக் குறியீட்டைப் பாருங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினால் திரையே மாறியிருக்கும். உங்கள் ஊரில் அந்த நிறுவனத்துக்குச் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரன்டியா என்று கேளுங்கள். தென்காசியில் இருந்துகொண்டு மதுரைக்கு லேப்டாப்பைச் சுமப்பது எவ்வளவு எரிச்சல் என்பது சுமந்தவர்களுக்குத் தெரியும். துபாயிலிருந்து மாமா வாங்கி வருகிறார் என்றால், அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று அவர் கிளம்பும் முன் விசாரியுங்கள். சொந்தத் தொழிலுக்கு ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணிலேயே பில் போடச் சொல்லுங்கள். லேப்டாப்புக்கு 18 சதவீத வரி. தொழிலுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்க வழியுண்டு, உங்கள் ஆடிட்டர் சொல்வார்.

ஒன்பதாம் படி: முதல் வாரம்

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல்முறை ஆன் ஆவது வரை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஏழு நாள்தான், அதற்குள் எல்லாச் சோதனையும் முடிய வேண்டும். திரையை முழுக் கருப்பு, முழு வெள்ளையாக வைத்து இறந்த புள்ளி, ஓரத்தில் ஒளிக் கசிவு பாருங்கள். எல்லா கீயையும் எல்லா யுஎஸ்பி ஓட்டையையும் ஒருமுறை சோதியுங்கள். சூட்டையும் வாட்டையும் அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு, ஒரு பெரிய ஆட்டத்தை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டி, சூடும் கிராபிக்ஸ் வாட்டும் எங்கே நிற்கின்றன என்று குறியுங்கள். நிறுவனம் சொன்ன வாட்டைக் கொஞ்ச நேரமாவது தொடவில்லை என்றால், பெர்ஃபாமன்ஸ் மோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, வாரன்டி தேதி நிறுவனத் தளத்தில் உங்கள் பில் தேதியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எப்போதும் சார்ஜரில் மாட்டியே வேலை செய்கிறவர் என்றால், நிறுவன மென்பொருளில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்துவிடுங்கள், பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும். அப்புறம் அந்த பில். பல கடைகளில் தெர்மல் தாளில்தான் அடித்துத் தருகிறார்கள், ஒரு கோடை தாண்டினால் எழுத்து வெளிறிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.